டோன் பிடிபடும் வரை

ஆயில் பெயின்டிங் வகுப்பில் சேருகிறவர்கள் எல்லோரும் கலரைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். தோலின் நிறத்துக்கு எதோடு எதைக் கலப்பது, இலையின் பச்சை ஏன் இப்படிப் பளீரென்று அடிக்கிறது, கேம்லினில் எந்த நீலம் வாங்குவது. மாஸ்டர் ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. அது எவ்வளவு டார்க்குன்னு சொல்லு மொதல்ல” என்பார்.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல காலம் சினிமா பேனர் வரைந்தவர் அவர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சென்னை அண்ணா சாலையில் அந்த பேனர்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஹீரோவின் கன்னத்தில் ரோஸ் இருக்கும், தாடைக்கு அடியில் பச்சை இருக்கும், நெற்றியோரத்தில் நீலம் கூட இருக்கும். எந்த மனிதருக்கும் அப்படி ஒரு தோல் கிடையாது. ஆனாலும் ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் யார் என்று தெரிந்துவிடும். நிறம் எங்கெங்கோ போயிருந்தாலும், எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு, எவ்வளவு இருட்டு என்பது சரியாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சம்-இருட்டுக் கணக்கைத்தான் டோன் என்கிறோம். நிறம் தப்பிப்போன படம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான். டோன் தப்பிப்போன படத்தில் மூக்கு தட்டையாகிவிடும், பானை சப்பையாகிவிடும், மேஜைமேல் வைத்த பழம் காற்றில் மிதக்கும்.

இது கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழம் வெளிர், கத்தரிக்காய் டார்க், இதைச் சொல்ல யாருக்கு வகுப்பு வேண்டும்? கத்தரிக்காயின் பளபளப்பான மேல் பக்கமும், எலுமிச்சையின் நிழல் விழுந்த அடிப்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் திணறல் தொடங்கும். எது எதைவிட வெளிச்சம்? கண் உடனே ஒரு பதில் சொல்லும். அந்தப் பதில் பெரும்பாலும் தப்பு.

ஏன் தப்பு என்று காட்ட மாஸ்டர் ஒரு வேலை செய்தார். பால்கனியில் வெயில் படும் இடத்தில் ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்து வைத்தார். அறைக்குள் நிழலான மூலையில், நாற்காலியின் மேல் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைப் போட்டார். ஒரு அட்டையில் சிறிய துளைகள் இரண்டைப் போட்டு, ஒன்றின் வழியாகக் குடையும் இன்னொன்றின் வழியாக வேட்டியும் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துப் பார்க்கச் சொன்னார். துளைக்குள் குடையும் இல்லை, வேட்டியும் இல்லை, இரண்டு சாம்பல் பொட்டுகள்தான். குடையின் பொட்டுதான் வெளிச்சமாக இருந்தது. அட்டையை எடுத்தேன், வேட்டி மறுபடியும் வெள்ளையாகிவிட்டது, குடை மறுபடியும் கறுப்பாகிவிட்டது. திரும்பத் திரும்ப வைத்து எடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட ஒரு படம் இதையே தாளில் காட்டுகிறது. சதுரங்கப் பலகை, அதன்மேல் ஒரு உருளை, உருளையின் நிழல் பலகையில் விழுகிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஒரு ‘கறுப்பு’க் கட்டமும் நிழலுக்குள் உள்ள ஒரு ‘வெள்ளை’க் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. பிரிண்ட் எடுத்து அந்த இரண்டு கட்டங்களைக் கத்தரித்துப் பக்கத்தில் வைத்தால்தான் நம்பிக்கை வரும். செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இதற்கு நூறு வருஷத்துக்கும் மேலே முன்னால், பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்று. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யும்போது கறுப்பு சோகையாகத் தெரிந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று 1839இல் பெரிய புத்தகமே போட்டார். நம் கேன்வாஸிலும் தினமும் நடப்பது இதுதான். நாம் வைக்கும் ஒவ்வொரு பொட்டும் பக்கத்தில் உள்ளதை மாற்றிவிடுகிறது.

ஆகவே கண்ணுக்கு அளக்கத் தெரியாது. ஒப்பிட மட்டும் தெரியும். டோன் பார்க்கப் பழகுவது என்றால் அந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்யப் பழகுவது. இதற்கு வந்த உபாயங்களில் மிகப் பழையதும், செலவே இல்லாததும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். எப்படிச் சுருக்குவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் நான் தெரிந்துகொண்டது இது: இமை மயிர்களுக்கு இடையில் தெரியும் அளவுக்கு மூட வேண்டும், சின்ன விவரங்கள் எல்லாம் கரைந்து நாலைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு இடத்தை மட்டும் உற்றுப் பார்க்கக் கூடாது. இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எது டார்க் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரியவில்லை, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்றால் அதுதான் பதில்: இரண்டும் ஒரே டோன்.

செம்பருத்திச் செடியை இப்படிப் பார்த்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி. சிவந்த பூ பச்சை இலைக்கு நடுவில் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது! கண்ணைச் சுருக்கினால் பூவைக் காணோம். இலைக்குள் அமிழ்ந்துபோகிறது. அழுத்தமான நிறங்களைக் கண் வெளிச்சம் என்று எண்ணிக்கொள்ளும், சிவப்பில் இது ரொம்பவே ஜாஸ்தி. பூவுக்கு வெள்ளையைக் கலந்து கலந்து ரோஸ் நிறமாக்கிவிடுவது இதனால்தான். அது சிவப்பாகத் தெரிய வெளிச்சம் தேவையில்லை, சுற்றியுள்ள பச்சை கொஞ்சம் மங்கினால் போதும்.

நிழலுக்குள் எட்டிப் பார்ப்பது அடுத்த வம்பு. நிழலையே சில நொடி உற்றுப் பார்த்தால் கண் அந்த இருட்டுக்குப் பழகிவிடும், உள்ளே மடிப்பு, தையல், கறை எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்ததை எல்லாம் வரைந்தால் நிழல் வெளுத்துவிடும். பிறகு வெளிச்சப் பக்கத்தை உற்றுப் பார்த்தால் அங்கேயும் டார்க்கான விவரங்கள் தெரியும். இரண்டு பக்கமும் நடுவில் வந்து சந்தித்து, படம் முழுக்க ஒரே சாம்பல் கூழாகிவிடும். மாஸ்டர் பின்னால் வந்து நின்று, “நெழலுக்குள்ள குடி போயிட்டியா? வெளிய வாம்மா” என்பார்.

இனி கலவைக்கு வருகிறேன். கறுப்பில் இருந்து வெள்ளை வரை ஒன்பது படி சாம்பல் கலந்து ஒரு பட்டை போடுவது எல்லா இடத்திலும் முதல் பாடம். போஸ்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் மன்செல் வகுத்த அளவில் 0 என்றால் முழுக் கறுப்பு, 10 என்றால் முழு வெள்ளை. பெயின்டில் இரண்டு முனையும் கிடைக்காது, அதனால் 1 முதல் 9. சில ஆசிரியர்கள் தலைகீழாக எண்ணுவார்கள், வெள்ளைதான் 1 என்பார்கள். யூடியூபில் பார்த்துக் கற்பவர்கள் யார் எப்படி எண்ணுகிறார் என்று முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே 9 என்றால் வெளிச்சம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பட்டையை ஒரு முனையில் தொடங்கி வரிசையாகப் போட்டால் வராது. கடைசியில் இரண்டு படிகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் விழும். முதலில் 1, 9 இரண்டையும் வைத்துவிட்டு நடுவில் உள்ள 5ஐக் கலக்க வேண்டும். அது இரண்டு பக்கத்துக்கும் சம தூரத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் 3, 7. மிச்சம் எல்லாம் அதற்குள் வந்து விழும். இன்னொன்று: கறுப்பில் பாதி, வெள்ளையில் பாதி எடுத்துக் கலந்தால் 5 வராது, அதைவிட நன்றாகவே டார்க்காக வரும். கறுப்பு சிறிதளவே பெரிய வேலை செய்துவிடும். கண்ணுக்கு நடுச் சாம்பலாகத் தெரிவது தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பி அனுப்பும் சாம்பல். போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் 18 சதவீத ‘கிரே கார்டு’ அதுதான். கேமரா கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி ஈசலுக்கு (கேன்வாஸை நிறுத்தும் சட்டத்துக்கு) பக்கத்தில் குத்தி வைத்தால் 5 எங்கே என்ற சந்தேகம் வராது. வெள்ளையை முதலில் நிறைய எடுத்துக்கொண்டு கறுப்பைக் கத்தி முனையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் சிக்கனம். ஐவரி பிளாக் என்ற கறுப்போடு வெள்ளை கலந்தால் நீலம் அடிக்கும், துளி பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு சேர்த்தால் அடங்கிவிடும்.

இந்தப் பட்டையை மாதக் கணக்கில் போடச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டை நன்றாகப் போடத் தெரிந்தவர்களுக்கும் எதிரில் இருக்கும் பானையின் டோன் பிடிபடுவதில்லை, நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று தடவை போட்டு, நல்லதாக ஒன்றைக் காயவைத்து அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு, பொருளைப் பார்த்து வரைய இறங்கிவிடுவது மேல்.

பொருளில் இருந்து டோனைப் பிடிக்கக் கத்தி முனையைவிட நல்ல கருவி கிடையாது. பேலட்டில், அதாவது கலவைத் தட்டில், பெயின்ட் கலக்கும் கத்தியின் நுனியில் கலவையைக் கொஞ்சம் எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுனி அந்த இடத்தின் மேலேயே விழும்படி பிடிக்க வேண்டும். கலவை டார்க்காக இருந்தால் ஒரு இருட்டுப் பொட்டாகத் துருத்தி நிற்கும். வெளிர் என்றால் மினுங்கும். சரியாக அமைந்துவிட்டால் கத்தியின் விளிம்பு கரைந்து, பெயின்ட் எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் தெரியாது. அந்தக் கணம் முதல் தடவை வாய்த்தபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: ஈரமான பெயின்ட் பளபளக்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கலவை உள்ளதைவிட வெளிர் என்று தோன்றும். கத்தியை அப்படி இப்படித் திருப்பி, பளபளப்பு போகும் கோணத்தில் பார்க்க வேண்டும். அப்புறம், கத்திமேல் விழும் வெளிச்சம் கேன்வாஸ்மேல் விழும் வெளிச்சமாகவே இருக்க வேண்டும். கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தால் கணக்கு கெட்டது.

வகுப்பில் ரயில்வேயில் ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் முடிந்து, இன்னொன்றுக்குக் காத்திருந்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் வேட்டி நீல வெள்ளை, ஆகாத கண்ணில் பழுப்பு வெள்ளை என்பார். ஆனால் எங்களில் டோனை முதலில் பிடித்தது அவர்தான். நிறத்தை நம்ப வழியில்லாததால் கத்தியை மட்டும் நம்பினார்.

கேன்வாஸ் வெள்ளையாக இருப்பது இன்னொரு இடைஞ்சல். வெள்ளை மேல் வைக்கும் எந்த டோனும் டார்க்காகத் தெரியும். பயந்துபோய் வெள்ளை கலப்போம். மூலை முடுக்கெல்லாம் நிரம்பிய பிறகு பார்த்தால் படம் மொத்தமும் சாயம் போன துணி. அதனால் வரைவதற்கு முன்னால் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, பழைய துணியால் ஒற்றி எடுத்து, 5 அல்லது 6க்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், சென்னை வெக்கையில் மறுநாள் வேலை தொடங்கலாம். பேலட்டும் அதே டோனில் இருப்பது நல்லது. என்னுடையது ஒரு கண்ணாடித் தகடு, அதற்கு அடியில் சாம்பல் நிறத் தாள். வெள்ளைத் தட்டில் கலந்த கலவை கேன்வாஸுக்குப் போனதும் வேறு ஆளாகிவிடும்.

பித்தளைச் சொம்பு ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் நான் டோனை உண்மையில் கற்றுக்கொண்டது அந்தச் சொம்பில்தான். புளி போட்டுத் துலக்கிய சொம்பு, வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், சாம்பல் துணிமேல். பித்தளை என்றால் மஞ்சள் என்று மனசு சொல்கிறது. துளை போட்ட அட்டை வழியாக ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போனால் மஞ்சள் என்று சொல்லத்தக்க இடம் மொத்தச் சொம்பில் கால்வாசி கூட இல்லை. வயிற்றுப் பகுதியின் இடது பக்கத்தில் ஜன்னல் ஒரு வளைந்த நாலு மூலைத் துண்டாகத் தெரிகிறது: டோன் 9, நிறம் கிட்டத்தட்ட ஜன்னல் வெள்ளையேதான், மஞ்சள் வாடைகூடக் குறைவு. அதை ஒட்டி 6இல் ஒரு தேன் நிறப் பட்டை, அதுதான் நாம் பித்தளை என்று நினைக்கும் இடம். அதற்கு அடுத்து திடீரென்று 2, பாசி படிந்த பழுப்பு, அறையின் இருட்டு மூலை அதில் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்ல மாறும் படிக்கட்டே இல்லை, கோடு கிழித்தாற்போல் இருக்கிறது. களிமண் பானையில் அப்படி இருக்காது, அங்கே வெளிச்சத்தில் இருந்து நிழலுக்கு மெதுவாக இறங்கும். சொம்பின் அடியில் துணி பிரதிபலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, நிழலுக்குள் ஒளிர்வது போல் ஆசை காட்டும். அட்டை வழியாகப் பார்த்தால் அது வெறும் 3, 4தான். அதை 6க்கு ஏற்றிவிட்டால் சொம்பின் உருண்டை அங்கேயே செத்தது. நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடமும் வெளிச்சப் பக்கத்தின் மிக டார்க்கான இடத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு உத்தேசக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பளபளக்கும் உலோகத்தில் இது பொய்த்துப்போவது உண்டு, துணி, பழம், முகம் இவற்றில் அநேகமாகப் பொய்க்காது.

எலுமிச்சையின் நிழல் பக்கமும் இதே வகைப் பாடம். மஞ்சள் டார்க்காக முடியாது. 5க்கு இறங்கினால் அதை மஞ்சள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு மாதிரி ஆலிவ் பழுப்பு ஆகிவிடும். அதைப் பயப்படாமல் வைக்க வேண்டும். பக்கத்தில் வெளிச்சப் பக்கத்தின் 8 வந்து உட்கார்ந்ததும் இரண்டும் சேர்ந்து எலுமிச்சையாகிவிடும். இதற்கு நேர்மாறாக அல்ட்ராமரைன் நீலமும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பும் டியூபில் இருந்து பிதுக்கியபடியே கிட்டத்தட்ட கறுப்பு. இவற்றை வெளிச்சத்தில் கொண்டுவர வெள்ளை சேர்த்தே ஆக வேண்டும்.

முகத்துக்கு வந்தால் கண்ணின் வெள்ளையைத்தான் முதலில் சொல்வேன். அதற்கு வெள்ளை பெயின்ட் எடுக்காதீர்கள். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, அதுவோ உருண்டை, குழிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் 5, சில சமயம் 4. பல்லும் அப்படித்தான். நம் ஊர் மாநிறத் தோலில் நெற்றியில் படும் ஜன்னல் வெளிச்சம் கண்ணின் வெள்ளையைவிட நிச்சயம் வெளிச்சமாக இருக்கும். தமிழ் முகம் வரையும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று விற்கும் டியூப் 7, 8இல் தொடங்குகிறது, அது ஐரோப்பியத் தோலை மனத்தில் வைத்துச் செய்தது. மாநிறத்துக்கு 4, 5இல் தொடங்கி, பளபளப்பு விழும் இடங்களை மட்டும் மேலே கொண்டுபோனால் போதும். கறுத்த தோலில் அந்தப் பளபளப்பு சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கும், நிறம் குளிர்ச்சியாக, லேசாக நீலம் தோய்ந்திருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள ராஜா ரவிவர்மா ஓவியங்களுக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். நகையும் ஜரிகையும் மறைந்து முகத்தின் பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும். வெள்ளைப் புடவை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் எவ்வளவு குறைவான இடத்தில் வெள்ளை வைத்திருக்கிறார் என்று தெரியும்.

போனில் கறுப்பு-வெள்ளை போட்டோ எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான் போதும். போன் கேமரா தானாகவே நிழலைத் தூக்கிவிடும், வெளிச்சத்தை அமுக்கிவிடும், போட்டோ அழகாக வருவதற்காக. நாம் தேடுவது அதற்கு நேர் எதிர். பொருளையும் கேன்வாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவில் எடுத்தால் அந்தத் தில்லுமுல்லு இரண்டுக்கும் பொதுவாகிவிடும், அப்போது பெரிய பிசகுகள் தெரியும். சிவப்பு செலோபன் தாள் வழியாகப் பார்க்கும் வித்தையும் உண்டு. நிறம் போய் டோன் மட்டும் தெரியும் என்பார்கள். சிவப்பெல்லாம் வெளுத்தும் பச்சையெல்லாம் கறுத்தும் தெரியும், தோட்டத்தை வரைகிறவர்கள் அதை நம்பவே கூடாது.

போனில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதை அணைத்து வைப்பதுதான். திரை அணைந்த போன் ஒரு கறுப்புக் கண்ணாடி. பொருளுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அதில் தெரிவதைப் பார்த்தால் எல்லாம் ஒரு படி இறங்கி, சின்ன வேறுபாடுகள் மறைந்து, பெரிய டோன்கள் மட்டும் நிற்கும். கேன்வாஸும் சேர்ந்து தெரியும்படி நின்றால் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது சட்டென்று கண்ணில் படும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இயற்கைக் காட்சி வரையப் போனவர்கள் இதற்காகவே ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போவார்கள், ஓவியர் குளோட் லொரேன் பெயரால் அதைக் குளோட் கண்ணாடி என்பார்கள். நமக்குச் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

வெளியில் போய் வரைவது வேறு ஆட்டம். டைட்டானியம் வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்பு நாலு சதவீதம் வரை அனுப்பும். ஆக நம் கையில் இருப்பது இருபது, முப்பது மடங்கு வித்தியாசம். மத்தியான வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவருக்கும், பக்கத்து வீட்டு வாசலுக்குள் தெரியும் இருட்டுக்கும் ஆயிரக் கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கும். அதை அப்படியே பிடிக்க எந்தப் பெயின்டாலும் ஆகாது. அஞ்சு கட்டையில் பாடியதை ஒரு கட்டையில் பாட வேண்டி வந்தால் சுருதியைக் குறைத்துக்கொண்டு அதே ராகத்தைப் பாடுகிறோம் இல்லையா, அப்படி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சங்கடம், இங்கே ஸ்வரங்களின் இடைவெளியும் சுருங்கும். எந்த இடைவெளியைச் சுருக்குவது என்பது வரைகிறவரின் முடிவு. சுவரில் விழும் வெயில் முக்கியம் என்றால் நிழலுக்குள் உள்ளதை எல்லாம் 2, 3க்குள் அடக்கிவிட வேண்டும். வாசலுக்குள் உட்கார்ந்திருக்கும் பாட்டி முக்கியம் என்றால் சுவர் மொத்தமும் 9ஆகவே வெளுத்துப் போகட்டும்.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் விளக்கு உண்மையில் எரிகிறது என்பார்கள். ரவிவர்மா வரைந்தது என்று நினைப்பவர்களும் நிறைய. அது எஸ்.எல். ஹல்தங்கர் வரைந்தது, அதுவும் வாட்டர்கலர். ஆயில் இல்லை என்றாலும் டோன் கணக்கு ஒன்றுதான். அவரிடம் இருந்ததும் தாளின் வெள்ளை மட்டுமே, அதைவிட வெளிச்சம் எந்த மந்திரத்தாலும் வராது. சுடரை மறைக்கும் கை, முகம், புடவை எல்லாவற்றையும் சுடருக்குக் கீழே படிப்படியாக இறக்கியிருக்கிறார், அதனால் எரிகிறது. தீபம் வரையும்போது சுடரில் வெள்ளையை அப்பிக்கொண்டே போகிறவர்கள் மற்றதை எல்லாம் இறக்கிப் பார்க்கலாம்.

வெளியில் இன்னொரு கண்ணி உண்டு. கேன்வாஸில் நேர் வெயில் விழுந்தால் கலவை எல்லாம் பளிச்சென்று தெரியும், அறியாமலே டார்க்காகக் கலந்துகொண்டே போவோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அமாவாசை. மரத்தடியில் கேன்வாஸை வைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். கேன்வாஸ், பேலட் இரண்டையும் ஒரே நிழலில் வைக்க ஒரு குடை போதும், வண்ணக் குடை வேண்டாம், அதன் நிறம் எல்லாவற்றிலும் படியும். வீட்டில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஈசலை வைத்தால் ஈரப் பெயின்டில் அதன் கோடு ஒன்று எப்போதும் மின்னிக்கொண்டிருக்கும், கேன்வாஸின் மேல் முனையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போய்விடும்.

காய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆயிலில் டோன் பிடித்தவர்கள் மறுவாரம் குழம்புவது இதில்தான். சரியாகப் பிடித்த டார்க்குகள், குறிப்பாக அம்பரும் கறுப்பும் போட்ட இடங்கள், காய்ந்ததும் மங்கி, சாம்பல் பூத்து, ஒன்றிரண்டு படி வெளுத்துத் தெரியும். எண்ணெயை அடியில் உள்ள பூச்சு உறிஞ்சிக்கொண்டதுதான் காரணம், டோன் மாறவில்லை. அதைப் பார்த்து மேலே மேலே கறுப்பைப் போட்டால் படம் கெட்டது. லின்சீட் ஆயிலில் (ஆளி விதை எண்ணெயில்) கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, நன்றாகக் காய்ந்த இடத்தின் மேல் துணியால் மெல்லத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, மிச்சம் இல்லாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும். பழைய டோன் திரும்பி வந்துவிடும். புதிதாகக் கலப்பதை அதோடு ஒப்பிட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிப்பது உண்டு. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.